அதீனாவிடம் வட்டிக்கு வாங்கிய கடன்: வாசகர் கேள்விகள்

போன மாதம் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, "போருக்குப் பணம் போதாமல் ஏதென்ஸ் அரசு அதீனா தேவியிடமே வட்டிக்குக் கடன் வாங்கியது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுக் கேள்விகள் வந்துவிட்டன. சரி, இந்த இதழ் முழுக்கப் பழைய கிரேக்கம்தான். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாமியிடம் கடன் வாங்கினார்கள் என்பது ஒரு பேச்சுக்குத்தானே? கோயில் பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு அதற்குக் கடன் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதானே?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. கி.மு. 433 முதல் 422 வரையிலான கடன் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், உடைந்த துண்டுகளாக இன்றும் கிடைக்கிறது. எந்தத் தளபதிகளிடம் கொடுக்கப்பட்டது, எந்த நாளில், எவ்வளவு, இத்தனை நாளைக்கு வட்டி எவ்வளவு என்று ஒவ்வொரு தவணைக்கும் எழுதியிருக்கிறது. 426-லிருந்து வட்டி 5 தாலந்துக்கு ஒரு நாளைக்கு ஒரு டிராக்மா. தாலந்து என்றால் பைபிளில் வருகிற அதே தாலந்துதான். அது எடைக்கும் அளவு, பணத்துக்கும் அளவு. ஏதென்ஸில் ஒரு தாலந்து 6,000 டிராக்மா. கணக்குப் போட்டுப் பார்த்தால் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்றேகாலுக்கும் கொஞ்சம் குறைவு. தெய்வம் கந்துவட்டிக்காரி இல்லை. அதீனாவுக்கு ஒரு கணக்கு, "மற்ற தெய்வங்கள்" என்று தனியாக இன்னொரு கணக்கு; ஒருவர் பணம் இன்னொருவர் கணக்கில் கலக்கக் கூடாது.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். பல வழி. ஒன்று, ஏதென்ஸுக்குக் கப்பம் கட்டிய கூட்டாளி நகரங்களின் பணத்தில் அறுபதில் ஒரு பங்கு அதீனாவுக்கு என்று 454-லிருந்து எடுத்து வைத்தார்கள். இது போக, பார்த்தெனான் கோயிலுக்குள் சிற்பி ஃபிடியாஸ் செய்த அதீனா சிலை மேல் 40 தாலந்து எடையுள்ள தங்கத்தகடு போர்த்தியிருந்தது, அத்தனையும் கழற்றி மாட்டக்கூடியது. இன்னொரு கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவோடு போர் தொடங்கிய சமயத்தில் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் மக்களிடம் கஜானா நிலவரம் சொல்லும்போது இந்தத் தங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறார்: வேறு வழியே இல்லை என்றால் இதையும் எடுக்கலாம், ஆனால் எடுத்த அளவுக்குக் குறையாமல் திரும்ப வைக்க வேண்டும் என்று. வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதி வைத்திருக்கிறார். போர் கடைசியில் கையை மீறிப் போனபோது, 406 வாக்கில், வெற்றித் தேவதைகளின் தங்கச் சிலைகளை உருக்கிக் காசு அடித்தார்கள்.

கேள்வி: அப்படியானால் பூசாரிகள் கையில்தான் அரசாங்கமே இருந்திருக்கும், இல்லையா?

தலைகீழ். கிரேக்க நகரங்களில் பூசாரி என்று தனி வர்க்கமே கிடையாது. வேதப் புத்தகம் இல்லை, தலைமைப் பீடம் இல்லை, "இதை நான் விசுவாசிக்கிறேன்" என்று யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை. எந்தத் தெய்வத்துக்கு எந்த நாளில் எத்தனை மாடு பலி, புதுக் கோயிலுக்குச் செலவு எவ்வளவு, இதெல்லாம் ஏதென்ஸில் மக்கள் சபை கையைத் தூக்கி முடிவு செய்த சமாசாரங்கள். கோயில் கணக்கைப் பார்க்க வருஷா வருஷம் அதிகாரிகள் மாறினார்கள், பதவி முடியும்போது தணிக்கை உண்டு.

சில பூசாரிப் பதவிகள் குடும்பச் சொத்தாக இருந்தன என்பது உண்மைதான். எலியூசிஸ் ரகசியச் சடங்குகள் இரண்டு குடும்பங்கள் கையில் இருந்தன, ஊர் நடுவிலுள்ள அக்ரோபோலிஸ் குன்றில் நகரக் காவல் தெய்வமான அதீனா பொலியாஸின் பூசாரிப் பெண் ஒரு பழைய பெரிய குடும்பத்திலிருந்துதான் வருவாள். ஆனால் ஐந்தாம் நூற்றாண்டில் அதே அக்ரோபோலிஸில் வெற்றி அதீனாவுக்குப் புதிதாக ஒரு பூசாரிப் பதவியை உண்டாக்கியபோது சபை போட்ட தீர்மானம் கல்வெட்டாக இருக்கிறது. ஏதென்ஸ் குடிமக்களின் பெண்கள் எல்லோரிலிருந்தும் தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பளம் வருஷத்துக்கு 50 டிராக்மா. பொதுப் பலிகளில் வெட்டும் விலங்குகளின் காலும் தோலும் அவளுக்கு. இந்தப் பதவிக்குச் சீட்டில் பெயர் விழுந்து வந்த மிர்ரினே என்ற பெண்ணின் கல்லறைக் கல்லும் கிடைத்திருக்கிறது.

50 டிராக்மா அப்படியொன்றும் பெரிய பணமில்லை. வழக்கு கேட்கப் போகும் ஜூரிக்கு ஒரு நாள் படி 3 ஓபல், அதாவது அரை டிராக்மா; நூறு நாள் ஜூரிப் படிதான் அவளுடைய வருஷச் சம்பளம். தோல் விற்ற காசு தனி. எனக்கு இதில் வேடிக்கையாகப் படுவது வேறு: சபையில் கையைத் தூக்கும் உரிமை எந்தப் பெண்ணுக்கும் கிடையாது, ஆனால் அதே சபை அரசுச் சம்பளம் போட்டு உட்கார வைத்த பதவியில் ஒரு பெண்.

கேள்வி: அரசுப் பதவிக்கு வர சாமி கும்பிடுகிறவராக இருக்க வேண்டும் என்று விதி உண்டா?

விதி உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. ஏதென்ஸில் ஆர்க்கான்கள் என்ற ஒன்பது உயர் அதிகாரிகள் வருஷத்துக்கு ஒருமுறை பொறுப்பேற்பார்கள். அதற்கு முன்னால் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். உன் அப்பா யார், எந்த ஊர்ப் பிரிவு? அப்பாவின் அப்பா? அம்மா யார், அம்மாவின் அப்பா யார்? உன் குலத்துக்கு அப்பல்லோ உண்டா, வீட்டு முற்றத்து ஜீயஸ் உண்டா, அந்த வழிபாட்டிடங்கள் எங்கே இருக்கின்றன? குடும்பக் கல்லறை எங்கே? பெற்றோரை நன்றாக வைத்துக்கொள்கிறாயா? வரி கட்டினாயா? படையில் பணி செய்தாயா? அப்புறம் சாட்சிகளைக் கூப்பிடுவார்கள்.

கவனியுங்கள், "நம்புகிறாயா" என்று ஒரு கேள்விகூட இல்லை. எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். முற்றத்து ஜீயஸ் எங்கே என்று கேட்டால் உனக்கு ஒரு வீடு இருக்கிறதா, இந்த மண்ணில் உனக்கு வேர் இருக்கிறதா என்று கேட்பதாக அர்த்தம். கல்லறையும் அதே கதைதான். நாம் இதை மதம் என்கிறோம். நம்முடைய மதம் என்ற சொல்லுக்குச் சரியான சொல் அவர்களிடம் இல்லை, தேவைப்படவும் இல்லை. சோதனை முடிந்ததும் ஒரு கல் மேல் ஏறி நின்று, லஞ்சம் வாங்கினால் தங்கச் சிலை செய்து வைப்பேன் என்று சத்தியம் செய்வார்கள்.

கேள்வி: சீட்டுக் குலுக்கிப் பதவி கொடுப்பது தெய்வமே தேர்ந்தெடுக்கட்டும் என்ற நம்பிக்கையாலா?

பிளேட்டோ மாதிரிச் சிலர் சீட்டைத் தெய்வத்துக்குப் பிடித்த வழி என்று எழுதியதுண்டு. ஆனால் ஏதென்ஸ்காரனை நிறுத்திக் கேட்டிருந்தால் வேறு காரணம் சொல்லியிருப்பான். தேர்தல் வைத்தால் பணக்காரனும் பேச்சாளியும் பெரிய வீட்டுப் பிள்ளையும்தான் வருவார்கள். அதனால்தான் அரிஸ்டாட்டில், சீட்டு ஜனநாயகம், தேர்தல் சிலர் ஆட்சிக்குரியது என்கிறார். இன்றைக்கு இதைப் படித்தால் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

508-ல் கிளைஸ்தனிஸ் செய்த மாற்றங்களுக்கு அப்புறம் 10 குலப்பிரிவு, ஒவ்வொன்றிலும் 50 பேர் என்று 500 பேர் கொண்ட ஆலோசனைக் குழு. முப்பது வயதுக்கு மேல் இருக்க வேண்டும், ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் போக முடியாது. ஒவ்வொரு பிரிவின் 50 பேரும் முறைபோட்டு வருஷத்தில் பத்தில் ஒரு பங்கு நாள் நிர்வாகக் குழுவாக இருப்பார்கள். அவர்களுக்குள் தினமும் சீட்டுப் போட்டு ஒரு தலைவர். ஒரு ராத்திரி, ஒரு பகல், அவ்வளவுதான், திரும்ப அந்த நாற்காலி கிடைக்காது. அந்த ஒரு நாள் அரசு முத்திரையும், பணமும் ஆவணமும் இருக்கும் கோயில்களின் சாவியும் அவர் கையில். ஆலிவ் தோட்டக்காரரோ செருப்புத் தைப்பவரோ, மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

ஜூரிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு கல் இயந்திரமே வைத்திருந்தார்கள். ஆள் உயரப் பலகை, வரிசை வரிசையாகச் சின்னப் பிளவுகள். ஒவ்வொருவரும் தன் பெயர் வெட்டிய வெண்கலத் தகட்டைக் கொடுக்க, அவற்றை பிளவுகளில் செருகுவார்கள். பக்கத்தில் ஒரு குழாய். மேலே கறுப்பும் வெள்ளையுமாகக் குண்டுகளைக் கொட்டி, கீழே ஒவ்வொன்றாக விடுவார்கள். வெள்ளை வந்தால் அந்த வரிசை முழுக்க உள்ளே, கறுப்பு வந்தால் அந்த வரிசை வீட்டுக்கு. யாரையும் கைக்குள் போட்டுக்கொள்ள நேரமில்லாமல், வழக்கு நடக்கும் அன்று காலையில்தான் இந்தக் குலுக்கல். சாமி இதில் எங்கே? எனக்குத் தெரிந்து, குழாய்க்குள் இல்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் சீட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பத்துத் தளபதிகளைத் தேர்தல் வைத்துத்தான் எடுத்தார்கள். போரில் தோற்றால் உயிர் போகும், அதைக் குண்டுகளிடம் விட அவர்களுக்கும் பயம்தான்.

கேள்வி: டெல்ஃபியில் சாமியாடிப் பெண் சொன்ன குறியைக் கேட்டு நாட்டை நடத்தியவர்களையா பகுத்தறிவின் முன்னோடிகள் என்கிறீர்கள்?

கோபம் புரிகிறது. ஒரு சம்பவம் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

480-ல் பாரசீகப் பெரும்படை வருகிறது. ஏதென்ஸ் ஆட்கள் டெல்ஃபிக்குப் போகிறார்கள். பித்தியா, அதாவது குறி சொல்லும் அந்தப் பெண், முதலில் சொன்னது, உலகத்தின் விளிம்புக்கு ஓடிப்போங்கள் என்று. இதைக் கொண்டுபோய் ஊரில் சொல்ல முடியாது என்று ஆலிவ் கிளையைப் பிடித்துக்கொண்டு மறுபடி போய் நிற்கிறார்கள். இரண்டாவது வாக்கில் மரச்சுவர் ஒன்றுதான் உங்களைக் காக்கும் என்று வருகிறது, கடைசியில் "தெய்வீக சலாமிஸே, நீ பெண்களின் பிள்ளைகளை அழிப்பாய்" என்று ஒரு வரி. சலாமிஸ் ஏதென்ஸுக்குப் பக்கத்துத் தீவு.

இப்போது இந்த வாக்கை என்ன செய்தார்கள்? சபையில் வைத்து விவாதித்தார்கள். முதியவர்கள் சிலர் மரச்சுவர் என்றால் அக்ரோபோலிஸைச் சுற்றி முன்பிருந்த முள்வேலி என்றார்கள். வேறு சிலர் கப்பல் என்றார்கள். வாக்கு விளக்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள், சலாமிஸில் போரிட்டால் தோல்விதான், பேசாமல் ஊரைக் காலி செய்வோம் என்றார்கள். தெமிஸ்டோக்ளிஸ் என்ற அரசியல் தலைவர் எழுந்து, சாகப்போவது நாமாக இருந்தால் "கொடிய சலாமிஸே" என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும், "தெய்வீக" என்று எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். ஒரு அடைமொழியை வைத்து வாதம்! சபைக்கு அது பிடித்துப்போனது. கப்பல்கள் ஏற்கெனவே தயார், ஏனென்றால் மூன்று வருஷம் முன்னால் லௌரியன் சுரங்கத்தில் வெள்ளி கொட்டியபோது, அதைத் தலைக்கு 10 டிராக்மா பங்கு போடலாம் என்றிருந்தவர்களைத் தடுத்துக் கப்பல் கட்ட வைத்தவரும் இதே ஆசாமிதான். முள்வேலிக்காரர்களில் சிலர் அக்ரோபோலிஸில் பலகை அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், பாரசீகர் வந்து கொன்றார்கள். சலாமிஸில் கிரேக்கக் கப்பல்கள் ஜெயித்தன.

குறி கேட்டது தெய்வத்திடம். அதற்கு என்ன அர்த்தம் என்று தீர்மானித்தது ஊர்க்கூட்டம். தொழில்முறை விளக்கக்காரர்கள் அங்கே தோற்றுப்போனார்கள், அதுதான் இதில் முக்கியம். லஞ்சம் இல்லையா என்று கேட்டால் அதுவும் இருந்தது. ஸ்பார்ட்டா ராஜா கிளியோமெனிஸ், தன்னோடு ஆட்சி செய்த இன்னொரு ராஜா டெமரேட்டஸ் முறையான வாரிசே இல்லை என்று டெல்ஃபியையே சொல்ல வைத்தான். விஷயம் வெளியே வந்ததும் அந்தப் பித்தியாவின் பதவி போயிற்று என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

கேள்வி: ஒரே சமயத்தில் இரண்டு ராஜாவா? ஸ்பார்ட்டா ஆட்சி எப்படித்தான் நடந்தது?

இரண்டு அரச குடும்பம், குடும்பத்துக்கு ஒரு ராஜா, இருவருக்கும் சம அதிகாரம். அவர்களோடு அறுபது வயது தாண்டிய 28 முதியவர்கள் சேர்ந்து முதியோர் அவை. வருஷத்துக்கு ஐந்து எஃபோர்கள், இவர்கள்தான் ராஜாக்களுக்கே கண்காணிப்பாளர்கள். மாதா மாதம் ராஜா, சட்டப்படி ஆள்வேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். நீ சொன்னபடி நடந்தால் உன் பதவியை அசைக்க மாட்டோம் என்று எஃபோர்கள் ஊர் சார்பில் பதில் சத்தியம். மாதச் சந்தா மாதிரி!

முதியோர் அவைக்குத் தேர்தல் நடந்த விதத்தைப் பிற்கால எழுத்தாளர் ப்ளூட்டார்க் சொல்கிறார்: சிலரைப் பக்கத்து வீட்டில் அடைத்து வைத்துவிடுவார்கள், வேட்பாளர்கள் ஒவ்வொருவராகக் கூட்டத்தின் நடுவே நடந்து போவார்கள், கூட்டம் கத்தும். உள்ளே இருப்பவர்களுக்கு யார் போகிறார் என்று தெரியாது. எத்தனையாவது ஆளுக்குச் சத்தம் அதிகம் என்று மட்டும் குறித்துக்கொள்வார்கள். அரிஸ்டாட்டில் இதைச் சிறுபிள்ளைத்தனம் என்றார். எனக்கு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை, அந்த அறைக்குள் இருப்பவரை விலைக்கு வாங்குவது கஷ்டம்.

ராஜாக்கள் இருவரும் ஜீயஸின் பூசாரிகள். படையோடு எல்லையைத் தாண்டுமுன் பலி கொடுத்துப் பார்ப்பார்கள், சகுனம் சரியில்லை என்றால் மொத்தப் படையும் திரும்பிவிடும். இப்படித் திரும்பியது ஒருமுறை இரண்டுமுறை இல்லை. எட்டு வருஷம் முடிந்து ஒன்பதாவது வருஷத்தில், நிலவில்லாத தெளிவான இரவு ஒன்றில், எஃபோர்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார்கள். ஒரு எரிநட்சத்திரம் குறுக்கே ஓடினால் போதும், ராஜா தெய்வக் குற்றம் செய்துவிட்டார் என்று பொருள். டெல்ஃபியிலிருந்தோ ஒலிம்பியாவிலிருந்தோ நல்ல வாக்கு வரும்வரை அவர் பதவி நிறுத்தி வைக்கப்படும். ராஜாவை இறக்க வேண்டும் என்று ஏற்கெனவே நினைப்பவர்களின் கண்ணுக்கு எரிநட்சத்திரம் சீக்கிரம் தெரியும் என்பது என் சந்தேகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது சிரிக்கிற விஷயமில்லை. ஸ்பார்ட்டாவின் வயல்களில் உழைத்தவர்கள் ஹெலட் என்ற அடிமைகள். எஃபோர்கள் ஒவ்வொரு வருஷமும் பதவி ஏற்றதும் இவர்கள் மேல் முறைப்படி போர் அறிவிப்பார்கள். எதற்கு? போரில் கொன்றால் கொலைத் தீட்டு ஒட்டாது. தெய்வக் குற்றம் வராமல் ஒரு ஹெலட்டைக் கொல்ல இது வருஷாந்திர அனுமதிச் சீட்டு. பக்தியையும் சட்டத்தையும் சேர்த்துப் பிசைந்தால் இப்படியும் ஒன்று வரும்.

கேள்வி: மாரத்தான் போருக்கு ஸ்பார்ட்டா வராமல் போனது திருவிழா சாக்குத்தானே?

சாக்கு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். 490-ல் பாரசீகப் படை மாரத்தானில் வந்து இறங்க, ஏதென்ஸ் ஓட்டக்காரர் ஸ்பார்ட்டாவுக்குப் போய் உதவி கேட்டபோது மாதத்தின் ஒன்பதாம் நாள். பௌர்ணமிக்கு முன் புறப்படுவது எங்கள் வழக்கமில்லை என்றார்கள். பௌர்ணமி ஆனதும் 2,000 பேர் மூன்றே நாளில் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்து, போர் முடிந்துவிட்டதைத் தெரிந்துகொண்டு, செத்துக் கிடந்த பாரசீகரைப் பார்த்துவிட்டு, ஏதென்ஸைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். சாக்குச் சொன்னவன் அப்படி ஓடி வர மாட்டான்.

ஏதென்ஸ்காரர்களும் இதில் தப்பவில்லை. 413 ஆகஸ்டில் சிசிலியிலிருந்து படையைக் கிளப்பத் தயாரானபோது சந்திர கிரகணம். மும்முறை ஒன்பது, அதாவது 27 நாள் பொறுக்க வேண்டும் என்றார்கள் குறிகாரர்கள். தளபதி நிகியாஸ் கேட்டார், சிப்பாய்களில் பெரும்பாலோரும் அதைத்தான் விரும்பினார்கள். எதிரி 27 நாள் பொறுக்கவில்லை. மொத்தப் படையும் போயிற்று.

கேள்வி: சாக்ரடீஸைக் கடவுள் மறுப்புக்காகக் கொன்றார்கள் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நம்பிக்கையை யாரும் சோதிக்கவே இல்லையே?

நல்ல கிடுக்கிப்பிடி. குதிரைக்குக் கை இருந்தால் குதிரை மாதிரித் தெய்வம் வரைந்திருக்கும் என்று கிரேக்கத் தத்துவவாதி ஸெனோஃபனீஸ் எழுதிவிட்டு நெடுங்காலம் வாழ்ந்தார். அப்புறம் ஏன் சாக்ரடீஸுக்கு மட்டும்?

குற்றச்சாட்டின் வாசகத்தைப் பாருங்கள்: நகரம் ஏற்கும் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வச் சமாசாரங்களைக் கொண்டுவருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார். "நகரம் ஏற்கும்" என்ற சொல்லில்தான் கனம் இருக்கிறது. வருஷம் 399. ஸ்பார்ட்டாவிடம் தோற்று ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. இடையில் முப்பது பேர் கொடுங்கோல் ஆட்சி நடத்தினார்கள், அதன் முன்னணி ஆள் கிரிட்டியாஸ் ஒரு காலத்தில் சாக்ரடீஸோடு சுற்றியவர். ஜனநாயகம் திரும்பியபோது பொது மன்னிப்பு கொடுத்ததால் பழைய அரசியலைச் சொல்லி வழக்குப் போட முடியாது. தெய்வக் குற்றம் என்று போடலாம். நான் இதை அரசியல் வழக்கு மட்டும்தான் என்று சொல்ல வரவில்லை. நகரத்துக்கு அடி மேல் அடி விழும்போது, நம் தெய்வங்களை எவனோ கோபப்படுத்திவிட்டான் என்று நிஜமாகவே பயந்தவர்களும் அந்த 500 ஜூரிகளில் இருந்திருப்பார்கள். குற்றவாளி என்றவர்கள் ஏறக்குறைய 280, இல்லை என்றவர்கள் 220.

தீர்ப்பு வந்தும் அவரை உடனே கொல்ல முடியவில்லை. வழக்குக்கு முதல் நாள்தான் டிலோஸ் தீவுக்குப் போகும் புனிதக் கப்பலுக்கு மாலை போட்டிருந்தார்கள். புராண நாயகன் தீசியஸ் கிரீட் தீவிலிருந்து பிள்ளைகளை மீட்டு வந்ததற்கு அப்பல்லோவுக்கு நன்றி சொல்ல வருஷா வருஷம் போகும் கப்பல். அது போய்த் திரும்பும்வரை நகரம் சுத்தமாக இருக்க வேண்டும், அரசு எந்த உயிரையும் எடுக்கக் கூடாது. காற்று சரியில்லை, கப்பல் தாமதம். ஏறக்குறைய ஒரு மாதம் சாக்ரடீஸ் சிறையில் நண்பர்களோடு பேசிக்கொண்டே இருந்தார். தெய்வக் குற்றம் செய்தவனைக் கொன்றால் அதுவே தெய்வக் குற்றம் ஆகிவிடுமோ என்று நகரம் காத்திருந்தது.

கேள்வி: கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. அந்தச் சபைக் கூட்டம் திறந்தவெளியில்தானே, மழை வந்தால்?

ப்னிக்ஸ் குன்றின் மேல், திறந்தவெளியில்தான். முதலில் பலி கொடுத்த பன்றிக்குட்டியோடு சபையைச் சுற்றி வந்து இடத்தைச் சுத்தப்படுத்துவார்கள், மக்களை ஏமாற்றிப் பேசுபவன் நாசமாகப் போக என்று கட்டியக்காரர் சாபம் சொல்வார், அப்புறம்தான் "யார் பேசுகிறீர்கள்?" என்று கேட்பது. மழை ஜீயஸின் சகுனம், வந்தால் கலைய வேண்டியதுதான். அரிஸ்டோஃபனீஸின் நாடகம் ஒன்றில், 425-ல் அரங்கேறியது, ஒருவன் தனக்குப் பிடிக்காத தீர்மானம் வரப்போகிறது என்று தெரிந்ததும், ஒரு சொட்டு என் மேல் விழுந்தது என்று கத்துகிறான். கூட்டம் கலைகிறது. வேறு யார் மேலும் விழவில்லை.